மோசல் ஆற்றங்கரையில் மோட்டார்ஹோம் பயணம்: ஒயின் குடிக்காத எனக்கு அங்கே என்ன இருக்கிறது?

வைகைக்கரையாள்:

வணக்கம். நாங்கள் ஸ்டுட்கார்ட்டில் வசிக்கிறோம். செப்டம்பர் கடைசியில் இருவருக்கும் சேர்ந்தாற்போல் ஒரு வாரம் விடுமுறை கிடைத்திருக்கிறது. மோட்டார்ஹோம் ஒன்றை வாடகைக்கு எடுத்துத் திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவே போக வேண்டும், மாலையில் தோட்டக்காரர் வீட்டு முற்றத்திலேயே உட்கார்ந்து ஒயின் குடிக்க வேண்டும் என்பது என் கணவரின் நெடுநாள் ஆசை. முதலில் அல்சாஸ், அங்கிருந்து ட்ரியர், பிறகு மோசல் ஆற்றோடு கோப்லென்ஸ் வரை, நேரம் இருந்தால் ரைன் கரையில் ரூடெஸ்ஹைம் என்று திட்டம் போட்டு வைத்திருக்கிறார்.

நான் ஒயின் குடிப்பதில்லை, இறைச்சியும் சாப்பிடுவதில்லை. அவர் குடிப்பதில் எனக்கு எந்த வருத்தமும் இல்லை. ஆனால் அவர் ஊர் ஊராகச் சுவைத்துப் பார்க்க, நான் வாரம் முழுவதும் வண்டி ஓட்டிக்கொண்டே இருக்க நேருமோ என்றுதான் கவலையாக இருக்கிறது. இத்தனை பெரிய வண்டியை நாங்கள் இருவருமே ஓட்டியதில்லை. இரவில் எங்கே நிறுத்துவது, கழிப்பறைத் தொட்டியை எங்கே காலி செய்வது, ரசமும் பொரியலும் சமைத்தால் வாடை உள்ளேயே தங்கிவிடுமா என்பதெல்லாம் தெரியவில்லை. போய்வந்தவர்கள் யாராவது சொல்லுங்கள். அந்தப் பள்ளத்தாக்கில் என்னைப் போன்ற ஒருத்திக்கு என்ன இருக்கிறது என்பதையும் மறைக்காமல் சொல்லுங்கள்.

பழைய டீசல்:

வண்டியைப் பற்றி மட்டும் நான் சொல்கிறேன். ஜெர்மனியின் பி வகுப்பு உரிமத்தோடு மொத்த எடை 3.5 டன் வரை ஓட்டலாம். வாடகைக்கு வரும் மோட்டார்ஹோம்கள் பெரும்பாலும் அந்த வரம்புக்குள்தான் பதிவாகியிருக்கும். ஆனால் வெறும் வண்டியே மூன்று டன்னை நெருங்கிவிடும் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. மீதியுள்ள எடைக்குள்தான் நீங்கள் இருவரும், சைக்கிள்களும், எரிவாயுவும், 100 லிட்டர் தண்ணீரும் அடங்க வேண்டும். ஆறு புட்டி ஒயின் உள்ள அட்டைப்பெட்டி ஒன்று ஏறத்தாழ எட்டுக் கிலோ. பன்னிரண்டு பெட்டி வாங்கினால் கூடுதலாக ஓர் ஆள் ஏறியது போலாகிவிடும். ஊர் திரும்பும் நாளில் தண்ணீர்த் தொட்டியைக் காலி செய்துவிட்டுப் பெட்டிகளை ஏற்றுங்கள். கட்டிலுக்குக் கீழே, அச்சுக்கு அருகில் வையுங்கள்; சூடேறும் இடத்தில் வேண்டாம்.

வண்டியின் உயரத்தையும் அகலத்தையும் ஒரு தாளில் எழுதி ஸ்டீயரிங்குக்குப் பக்கத்தில் ஒட்டி வையுங்கள். மோசல் கரையின் பழைய ஊர்களில் மரச்சட்ட வீடுகளின் மேல்தளம் தெருவுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும். ஊருக்குள் வண்டியைக் கொண்டுபோகவே போகாதீர்கள். ஆற்றோரம் நிறுத்திவிட்டு நடந்து போங்கள்.

இரவு தங்க ‘ஷ்டெல்பிளாட்ஸ்’ என்னும் நிறுத்துமிடங்கள் அங்கே ஊருக்கு ஊர் இருக்கின்றன. கட்டணம் பெரும்பாலும் ஓர் இரவுக்கு 10 முதல் 20 யூரோவுக்குள் இருக்கும். தண்ணீர் நிரப்பவும், கழிவுநீர் விடவும், கழிப்பறைத் தொட்டியைக் கழுவவும் பெரிய இடங்களில் தனித்தனி வசதி உண்டு. கழிப்பறைத் தொட்டியை அதற்கென்று குறித்த இடத்தில் மட்டுமே கொட்ட வேண்டும். நிரம்பும்வரை காத்திருக்காமல் இரண்டு நாளுக்கு ஒருமுறை காலி செய்தால் அருவருப்பே இருக்காது. வண்டியை எடுக்கும் அன்று வாடகைக்கு விடுபவர் ஒவ்வொன்றையும் செய்து காட்டும்படி கேளுங்கள், கைபேசியில் படம் பிடித்துக்கொள்ளுங்கள்.

சமையலுக்குக் கூரை ஜன்னலைத் திறந்து வைத்தால் போதும். தாளிப்பு மட்டும் வாடையைத் திரைச்சீலையில் ஏற்றிவிடும். தாளித்த பொடியை வீட்டிலிருந்தே செய்து எடுத்துப் போங்கள்.

வல்லைவெளி:

தங்கச்சி, உங்கள் கணவரின் திட்டத்திலிருந்து அல்சாஸையும் ரூடெஸ்ஹைமையும் இப்போதே அடித்துவிடுங்கள். நான் கோப்லென்ஸுக்குப் பக்கத்தில் மோசல் கரையில் நெடுங்காலமாக வாழ்கிறேன். பிள்ளைகள் தனியே போனபிறகு நானும் இவரும் ஒரு பழைய மோட்டார்ஹோம் வாங்கி வைத்திருக்கிறோம். இந்த ஆற்றைக் காரிலும் ரயிலிலும் சைக்கிளிலும் கால்நடையாகவும் பார்த்தவள் என்ற உரிமையோடு சொல்கிறேன்: மோசலை ஓட்டிக்கொண்டே பார்க்க முடியாது. நிறுத்தினால்தான் பார்க்கலாம்.

ட்ரியரிலிருந்து கோப்லென்ஸுக்கு நெடுஞ்சாலையில் ஒன்றரை மணி நேரத்தில் வந்துவிடலாம். ஆற்றோடு வந்தால் சுமார் 200 கிலோமீட்டர். அவ்வளவு வளைவுகள். அந்த வளைவுகளில்தான் எல்லாமே இருக்கிறது. இங்கே நாங்கள் வாழ்வது ஐம்பதாவது அகலக்கோட்டில். ரீஸ்லிங் போல் தாமதமாகப் பழுக்கும் திராட்சைக்கு இது குளிர் மிகுந்த நாடு. வெயிலை நேராக வாங்கும் தெற்கு, தென்மேற்குச் சரிவுகளில்தான் அது நன்றாகப் பழுக்கும். ஆறு திரும்பும்போதெல்லாம் அந்தச் சரிவும் கரை மாறும். இந்த வளைவில் வலப்பக்கம் கொடி, இடப்பக்கம் காடு, அடுத்ததில் எதிர்மாறு. சரிவில் கிடக்கும் சிலேட்டுக் கல் பகல் வெப்பத்தை வாங்கி வைத்து இரவில் கொடிகளுக்கு விடுகிறது. ஆற்று நீர் வெளிச்சத்தைச் சரிவின் மேல் எறிகிறது. இத்தனையும் கூடினால்தான் அக்டோபரில் பழம் கனியும். இதையெல்லாம் பி53, பி49 சாலைகளில் முன்னால் போகும் லாரியைப் பார்த்துக்கொண்டு ஓட்டுகிறவர் எப்படிக் காண்பார்?

ஆகவே இரண்டே இடங்கள் போதும். வாரத்தின் முதற்பாதிக்குப் பெர்ன்காஸ்டல்-கூஸ் பக்கம். பிற்பாதிக்குப் பிரெம் அல்லது எடிகர்-எல்லர் பக்கம். இரண்டுக்கும் நடுவே ஒரு காலை மட்டும் வாகனம் ஓடட்டும். அப்படி இருந்தால் உங்கள் வீட்டில் யாருமே ‘ஓட்டுநர்’ ஆக மாட்டார்கள். ஜேர்மனியில் சாதாரணமாக இரத்தத்தில் மது அளவின் வரம்பு ஆயிரத்துக்கு 0.5, தாறுமாறாக ஓட்டினாலோ விபத்து நடந்தாலோ 0.3 இலிருந்தே தண்டனை உண்டு. எங்கள் வீட்டு விதி இன்னும் கடுமையானது: அன்று ஓட்டுகிறவர் ஒரு துளியும் தொடக் கூடாது.

இப்போது உங்களுக்கு என்ன இருக்கிறது என்று பார்ப்போம். கூஸ் பக்கத்தில் புனித நிக்கோலாஸ் மருத்துவமனைக்குப் போங்கள். பெயர் மருத்துவமனை, ஆனால் அது முதியோர் இல்லமாகக் கட்டப்பட்டது. 1401 இல் அந்த ஊரில் பிறந்து கர்தினாலாக உயர்ந்த தத்துவஞானி நிக்கோலாஸ் கூசானுஸ், இயேசு வாழ்ந்த ஆண்டுகளின் கணக்கில் 33 முதியவர்களுக்காக அதை நிறுவினார். உடல் ரோமில் இருக்கிறது. இதயத்தை மட்டும் இங்கே தேவாலயத்தில் அடக்கம் செய்தார்கள். அவர் சேர்த்த கையெழுத்துச் சுவடிகளின் நூலகம் இன்றும் உள்ளே இருக்கிறது. முதியோர் இன்றும் அங்கே வாழ்கிறார்கள், அந்த அறக்கட்டளைக்குச் சொந்தமான திராட்சைத் தோட்டங்களும் இருக்கின்றன. ஐந்நூறு வருடங்களுக்கு மேலாக ஒருவரின் கொடை தொடர்ந்து சோறு போடுவதைப் பார்க்கும்போது எனக்கு ஒவ்வொரு முறையும் மனம் நிறைந்துவிடும்.

அங்கிருந்து சைக்கிளை ஏற்றிச் செல்லும் பஸ்ஸில் மேலே டவுன் நகரம் வரை போய், பழைய ரயில் பாதையில் போட்ட சைக்கிள் வழியாக இறங்கி வரலாம். சுரங்கங்களும் பாலங்களும் வரும். பெரும்பகுதி இறக்கம்தான் என்பதால் காலுக்கு நோவில்லை.

இரண்டாவது இடம்தான் நான் சொல்ல வந்தது. பிரெம் ஊருக்கு மேலே கல்மோன் என்றொரு சரிவு நிற்கிறது. ஐரோப்பாவிலேயே மிகச் செங்குத்தான திராட்சைத் தோட்டம் அதுதான்; சில இடங்களில் சாய்வு 60 பாகையைத் தாண்டுகிறது. ஊர் ஓரமாக நின்று தலையைப் பின்னால் சாய்த்துப் பாருங்கள். அங்கே உழவு இயந்திரம் ஏற முடியாது. ஒற்றைத் தண்டவாளத்தில் பல்சக்கரம் பிடித்து ஊர்ந்து ஏறும் சின்ன வண்டி ஒன்று ஆளையும் பெட்டியையும் மேலே கொண்டுபோகும். மற்ற எல்லாம் கை வேலை. கம்பி வேலி கட்டாத பழைய முறைத் தோட்டங்களில் ஒவ்வொரு கொடிக்கும் தனிக் கம்பு நட்டு, கிளைகளை இரு பக்கமும் வளைத்து இதய வடிவில் கட்டியிருப்பார்கள். குறுக்கே கம்பி இல்லாததால் சரிவில் எந்தத் திசையிலும் நடந்து வேலை செய்யலாம்.

அறுவடைக் காலத்தில் எங்கள் பக்கத்து வீட்டுக் குடும்பத்துக்குப் பழம் வெட்ட நானும் போவேன். ஒரு கால் மேலே, ஒரு கால் கீழே ஊன்றி நிற்க வேண்டும். சிலேட்டு காலடியில் சறுக்கும். ஒரு வாளி நிறைவதற்குள் முதுகு பேசத் தொடங்கிவிடும். சமவெளியில் இயந்திரம் சில மணி நேரத்தில் முடிக்கிற பரப்பைச் சரிவில் பல பேர் நாட்கணக்கில் வெட்டுகிறார்கள். அந்தக் குடும்பத்துப் பெரியவர் எழுபதைக் கடந்தும் சரிவில் ஏறுகிறார். பிள்ளைகள் வேறு வேலைக்குப் போய்விட்டார்கள். கொடிகளுக்கு நடுவே முட்புதர் மண்டிய பட்டைகளைச் சரிவெங்கும் பார்ப்பீர்கள். செய்ய ஆள் இல்லாமல் கைவிட்ட தோட்டங்கள் அவை. அதனால்தான் வேண்டிக் கேட்கிறேன்: சூப்பர்மார்க்கெட்டில் வாங்காமல் சரிவில் வேலை செய்கிற வீட்டின் கதவைத் தட்டி வாங்குங்கள். உங்கள் கணவர் சுவைக்கும்போது எந்தச் சரிவின் பழம் என்று கேட்கட்டும். கையை நீட்டிக் காட்டுவார்கள்.

கல்மோனில் குறுக்காக ஒரு ஏறுபாதை உண்டு. கம்பிக் கயிற்றைப் பிடித்தும் ஏணியில் ஏறியும் எடிகர்-எல்லரிலிருந்து பிரெம்முக்கு வரலாம். தலை சுற்றுகிறவர்களுக்கு அது வேண்டாம். மலை முகட்டுக்கு வேறு நடைபாதை இருக்கிறது. மேலிருந்து பார்த்தால் ஆறு முழுவதுமாகத் திரும்பி வளைவதும், மறுகரையில் ஷ்டூபன் கன்னியர் மடத்தின் இடிந்த சுவர்களும் தெரியும்.

எடிகர்-எல்லரில் ரயில் நிலையம் இருக்கிறது. கோஹம் போகும் ரயில், ஆற்றின் வளைவைச் சுற்றாமல் நான்கு கிலோமீட்டருக்கு மேல் நீளமான கைசர் வில்ஹெல்ம் சுரங்கத்துக்குள் நேராகப் போய்விடும். 1877 இல் முடித்த சுரங்கம், ஒரு நூற்றாண்டுக்கு மேல் நாட்டின் மிக நீளமான ரயில் சுரங்கமாக இருந்தது. அதே ரயிலில் மோசல்கெர்ன் வரை போய் இறங்கி, காட்டு வழியே எல்ட்ஸ் கோட்டைக்கு நடங்கள். போர்களில் அழியாமல் தப்பிய கோட்டை, இன்றும் அதே குடும்பத்தின் கையில் இருக்கிறது. நாங்கள் இந்த நாட்டுக்கு வந்த காலத்தில் 500 மார்க் தாளில் அந்தக் கோட்டையின் படம் இருந்தது. அப்போது எங்கள் கையில் அந்தத் தாள் அடிக்கடி வந்ததில்லை; வந்த ஒவ்வொரு முறையும் அதைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பேன்.

சாப்பாடு: வீட்டு வாசலில் துடைப்பமோ இலைக்கொத்தோ தொங்கினால் அது ‘ஷ்ட்ரவுஸ்விர்ட்ஷாஃப்ட்’. தோட்டக்காரர் தன் சொந்த வைனைத் தன் வீட்டிலேயே விற்கும் சின்ன உணவிடம். ஆண்டுக்கு நான்கு மாதம்தான் திறக்கலாம், 40 இருக்கைக்கு மேல் போடக் கூடாது என்பது சட்டம். வெங்காய அப்பமும் ‘ஃபிளாம்கூஹன்’ என்னும் மெல்லிய தட்டை ரொட்டியும் கிடைக்கும். இரண்டிலும் பன்றி இறைச்சித் துண்டு போடுவது வழக்கம். ‘ஓனே ஷ்பெக்’, அதாவது பன்றி இறைச்சி இல்லாமல், என்று சொல்லிக் கேளுங்கள். எல்லா வீட்டிலும் முடியாது, ஆனால் பாலாடைக்கட்டித் தட்டும் ரொட்டியும் எங்கும் இருக்கும். தோட்டக்காரர்கள் பலர் தங்கள் பழத்திலேயே திராட்சைச் சாறும் பிழிந்து விற்கிறார்கள். கடைச் சாறு மாதிரி வெறும் இனிப்பாக இருக்காது, புளிப்பு நன்றாகத் தெரியும். ‘மது நீக்கியது’ என்று எழுதிய வைனில் 0.5 சதவீதம் வரை மது இருக்கலாம். முற்றாகத் தவிர்ப்பவரானால் சாறே நல்லது.

செப்டம்பரில் சரிவுகளில் விளையும் சிவப்புப் பீச் பழமும் வரும். தோல் சாம்பல் நிறம், உள்ளே இரத்தச் சிவப்பு. பச்சையாகத் தின்னக் கொஞ்சம் துவர்க்கும். சர்க்கரையும் செத்தல் மிளகாயும் கிராம்பும் போட்டு நான் சட்னி செய்வேன். தோசைக்கு அப்படிப் பொருந்தும்.

ரைன்காரன்:

வல்லைவெளி அம்மா சொன்னதில் பெரும்பகுதி சரி. ஆனால் ட்ரியரை விட்டுவிடச் சொல்வதை நான் ஏற்க மாட்டேன். கி.பி. 170 அளவில் கட்டிய போர்ட்டா நீக்ரா வாசல் மட்டும் இல்லை. அங்குள்ள மாநில அருங்காட்சியகத்தில் நோய்மாகன் ஊரில் கிடைத்த ஒயின் கப்பல் சிற்பம் இருக்கிறது. கி.பி. 220 அளவில் ஒரு ரோமானிய வணிகரின் கல்லறைக்காகச் செதுக்கியது. துடுப்பு வலிப்பவர்களும் பீப்பாய்களும் கல்லில் நிற்கிறார்கள். இந்தப் பள்ளத்தாக்கின் தொழில் எவ்வளவு பழையது என்பதை அந்தக் கல்லைப் பார்த்தபிறகுதான் நான் உணர்ந்தேன். ஸ்டுட்கார்ட்டிலிருந்து வருகிறவர்கள் ட்ரியரில் தொடங்கினால் வழியும் கெடாது.

இன்னொன்று: செப்டம்பர் கடைசி, அக்டோபர் வார இறுதிகளில் ஆற்றோர நிறுத்துமிடங்கள் நிரம்பிவிடும். வெள்ளி மாலை போய் இடம் தேடினால் கிடைக்காது. என்னைக் கேட்டால் மே மாதம் போகச் சொல்வேன்.

வைகைக்கரையாள்:

எல்லோருக்கும் நன்றி. அக்கா, உங்கள் பதிலை இருவரும் சேர்ந்து படித்தோம். அல்சாஸை அவரே அடித்துவிட்டார். மே மாதத்துக்கு விடுமுறை கிடைக்காது, ஆகவே செப்டம்பர்தான். எனக்கு இரண்டு சந்தேகங்கள். ஆற்றோரமே நிறுத்தினால் வெள்ளம் வருமா? அவர் தோட்டக்காரர் வீட்டில் சுவைத்துவிட்டு எதுவும் வாங்காமல் வந்தால் தவறாக நினைப்பார்களா? என்ன வாங்குவது என்று அவருக்கே தெரியவில்லை. வீட்டில் காரமாகத்தான் சமைப்போம்.

வல்லைவெளி:

ரைன்காரன் தம்பி சொல்வது நியாயம். ட்ரியரில் முதல் இரவு தங்கிவிட்டு வாருங்கள், கூஸ் பக்கத்தில் ஓர் இரவைக் குறைத்துக்கொள்ளலாம். கல்மோன் பக்கத்து இரவுகளை மட்டும் குறைக்க வேண்டாம். சனி, ஞாயிறில் இடம் மாறாதீர்கள். வியாழனன்று காலை, முன் இரவு தங்கியவர்கள் கிளம்பும் நேரத்தில் போய் நின்றால் இடம் கிடைக்கும், வார இறுதி முழுவதும் அசைய வேண்டியதில்லை.

வெள்ளம் இங்கே பெரும்பாலும் குளிர்காலத்து விஷயம். ஆற்றோர வீடுகளின் சுவரில் வருடம் எழுதிய கோடுகளைப் பார்ப்பீர்கள். 1993 டிசம்பர்க் கோடு பல ஊர்களில் என் தலைக்கு மேலே இருக்கிறது. செப்டம்பரில் அந்தப் பயம் அரிது. தொடர்ந்து மழை பெய்தால் மட்டும் மாநிலத்தின் நீர்மட்ட அறிவிப்பைப் பாருங்கள். நிறுத்துமிடக்காரர் ‘மேலே எடுங்கள்’ என்று சொன்னால் அந்த நிமிடமே எடுங்கள்.

சுவைத்துவிட்டு ஒன்றும் வாங்காமல் எழுந்து வருவது சட்டப்படி தவறில்லை, ஆனால் எனக்கு மனம் ஒப்பாது. இரண்டு மூன்று புட்டியாவது வாங்குங்கள். முற்றத்தில் இரவு நிறுத்த இடம் தந்த வீடாக இருந்தால் ஒரு பெட்டி. நிறையச் சுவைக்கும்போது துப்புவதற்குப் பாத்திரம் வைப்பார்கள். துப்புவது மரியாதைக் குறைவு இல்லை.

காரச் சாப்பாட்டுக்கு ரீஸ்லிங்கில் ‘கபினெட்’ கேட்கட்டும். பழைய பாணியில் செய்ததென்றால் மது 8, 9 சதவீதம்தான் இருக்கும். லேசான இனிப்பும் நல்ல புளிப்பும் சேர்ந்து மிளகாய்க் காரத்தை அடக்கிவிடும். ‘ட்ரோக்கன்’ என்றால் இனிப்பற்றது, ‘ஃபைன்ஹெர்ப்’ என்றால் இரண்டுக்கும் இடையில். கத்தரிக்காய்க் குழம்புக்கு இவர் வேறெதையும் தொட மாட்டார்.

அந்த நாட்களில் ‘ஃபெடர்வைசர்’ விற்பார்கள். இன்னும் நொதித்துக்கொண்டிருக்கும் புது வைன், கலங்கலாக இருக்கும். காற்று வெளியேற வேண்டுமென்பதால் மூடியை இறுக்க மாட்டார்கள். வாகனத்தில் அதைப் படுக்க வைத்தால் அலுமாரி முழுக்க வழிந்துவிடும். கழுவுதொட்டிக்குள் நிமிர்த்தி வைத்து, அன்றே குடித்து முடிக்க வேண்டியது.

கடைசியாக ஒன்றைக் கட்டாயம் கவனியுங்கள். நீங்கள் வருவது அறுவடை நேரம். தோட்டங்களுக்குள் போகும் ஒற்றைத் தார்ப்பாதைகள் படம் எடுக்க அழகாகத் தெரியும். அங்கே மோட்டார்ஹோமை ஏற்றாதீர்கள், ஐந்து நிமிடத்துக்குக்கூட நிறுத்தாதீர்கள். பழம் ஏற்றிய டிராக்டர் பின்னால் வந்து நிற்கும், அதற்குத் திரும்ப இடம் இருக்காது. சில பாதைகளை நடப்பவர்களுக்கும் மூடியிருப்பார்கள், பலகையைப் பார்த்து நடங்கள். வரும் வாரம் உறுதியானால் இங்கே எழுதுங்கள், பக்கத்து வீட்டில் அந்த நாட்களில் வெட்டு நடக்கிறதா என்று கேட்டுச் சொல்கிறேன். நடந்தால் நீங்களும் ஒரு காலை சரிவில் ஏறி வெட்டிப் பார்க்கலாம். நல்ல பிடிப்புள்ள சப்பாத்து எடுத்து வாருங்கள்.